இரண்டாம் பாட்டில் நீ சறுக்கிய இடம்

இன்று ஆரியசாலைக் கடைத்தெரு வழியாக வந்தபோது உங்கள் கடை வாசலில் வற்றல் மிளகாய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்தடுத்துத் தும்மினேன். கல்லாவில் இருந்த உன் அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வாடே" என்றார். என் தும்மல் அவருக்கு அவ்வளவு பழக்கம். நம் முதல் பாட்டைப் பதிவு செய்ததே அந்தக் கடையில் சரக்கு அடுக்கும் மாடிக் கிட்டங்கியில்தானே.

"மூட்டை இருக்கும்போ ஸ்டுடியோ எதுக்குடா? சத்தம் வெளியே போகாது, கேட்டியா?" என்று சுற்றிலும் மிளகாய் மூட்டைகளை அடுக்கி, நடுவில் உன் டிரம்ஸை வைத்தாய். சுபின் பேஸ் கிட்டாரை வாசித்துக்கொண்டே தொண்டை கிழிய உறும, நான் கிட்டாரில் விரல் தேய ஓட, நீ இரண்டு காலாலும் பெடலை மிதித்த மிதியில் மாடியே அதிர்ந்தது. கீழேயிருந்து அப்பா, "ஏல, அவன் பாடுதானா, வாந்தி எடுக்கானா?" என்று கேட்டார். இதற்குப் பேர் டெக்னிகல் டெத் மெட்டல், தாளக் கணக்கு மாறிக்கொண்டே இருக்கும் என்று நீ விளக்கினாய். "கணக்குன்னா சரி" என்று வியாபாரத்தைப் பார்க்கப் போய்விட்டார். அந்தப் பாட்டைப் பாராட்டிப் பிரேசிலில் இருந்தெல்லாம் ஆட்கள் எழுதினார்கள்.

அந்தத் தலைக்கனத்தில்தான் இரண்டாம் பாட்டை ஏசி ஸ்டுடியோவில் போட்டோம். எனக்குத் தெரிந்த வித்தையை எல்லாம் அதில் திணித்திருந்தேன். நடுவே ஏழு தட்டு ஐந்தாக மாறும் இடத்தில் உன் வலது கால் அரைத் தட்டு பிந்தி விழுந்தது. அடுத்த சுற்றில் ஓர் அடியை விழுங்கிக் கரையேறிவிட்டாய். கம்ப்யூட்டரில் இழுத்து நேராக்கிவிடலாம், ஒரு நிமிஷ வேலை என்றார் ஒலிப்பதிவாளர். "வேண்டாம் சேட்டா. அவிடெ என் கால் இருக்கு. தொடாதீங்க" என்றாய், திரையில் அந்த இடத்தைக் காட்டி.

பாட்டு வெளிவந்தது, படுத்துவிட்டது. "முதல் பாட்டை வாசிச்சவங்கதானா இவங்க?" "பாட்டு கேட்டேனா, பரீட்சை எழுதினேனா?" என்று வந்து விழுந்தன கருத்துகள். நான் போனைத் தொடவே பயந்தேன். நீயோ கடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் உரக்க வாசித்துச் சிரித்தாய். டிரம்மர் உறங்கிவிட்டாரா என்று கேட்டவனுக்கு, "உறங்கலை அண்ணா, சறுக்கிட்டேன். அடுத்த பாட்டுல பாக்கலாம்" என்று பதில் எழுதினாய். அடுத்த பாட்டுக்கு முன்னால் எலிக்காய்ச்சல் வந்து ஒரே வாரத்தில் உன்னைக் கொண்டுபோய்விட்டது. பாவி, உன் அந்தப் பதிலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது ஆல்பம் போடுகிறோம். அந்தப் பாட்டைப் புதிதாகப் பதிவு செய்துவிட்டுப் பழையதை எடுத்துவிடலாம் என்றான் சுபின். "எடா, அவன் கடைசியா வாசிச்சது மோசம்னு ஆளுகள் பறையண்டா." உன்னை யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்ற பாசத்தில்தான் சொன்னான். உன்னிடமிருந்து எங்களுக்குக் கடைசியாகக் கிடைத்ததே அந்தப் பதிவுதான் என்று சொல்ல வாய் எடுத்தேன்; அழுதுவிடுவேன் என்று கிட்டார் கம்பியை முறுக்கக் குனிந்துகொண்டேன்.

உன் இடத்தில் இப்போது வாசிப்பவள் ஜெனிஷா. வித்துராவில் இருந்து பஸ் பிடித்து வருகிறாள். பழைய பதிவைக் கேட்டுத்தான் பாட்டைப் படித்திருந்தாள். ஒத்திகையில் அந்த இடம் வந்தது. அவளுடைய வலது கால் அரைத் தட்டு பிந்தி விழுந்தது. அடுத்த சுற்றில் ஓர் அடியை விழுங்கினாள். என் விரல்கள் நின்றுவிட்டன.

"அவிடெ ஒண்ணு தெற்றிப்போச்சில்லே?" என்றான் சுபின்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "தெற்றலை சேட்டா. அந்த அண்ணன் அப்படித்தான் வாசிச்சிருக்காங்க. இந்த ஓரிடம் பிடிக்கவே எனக்கு ஒரு மாசம் ஆச்சு. எப்படித்தான் யோசிச்சாங்களோ!" என்று தொடையில் தட்டிக் காட்டினாள். அச்சு அசலாக நீ.

சுபின் என்னைப் பார்த்தான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. "அப்போ நாமளும் படிக்கணும்டா" என்றான்.

படித்தோம். அந்தச் சறுக்கலைச் சேர்ந்து சறுக்குவது எவ்வளவு கஷ்டம் தெரியுமாடா? நேராக வாசிப்பது எவ்வளவோ லேசு. உன் பழைய பதிவும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதை எடுக்கும் பேச்சைச் சுபின் பிறகு எடுக்கவே இல்லை.

போன வாரம் மேடையில் வாசித்தோம். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், "முதல் பாட்டு, முதல் பாட்டு" என்றுதான் கத்தினார்கள். இது இன்றைக்கும் சுமார் பாட்டுதான். ஆனால் அந்த இடத்தில் மூன்று பேரும் ஒன்றாகச் சறுக்கி ஒன்றாகக் கரையேறினோம்.

இன்று அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். தராசை விட்டுவிட்டுக் கேட்டார். "எம் மவன் தப்பா அடிச்சதைப் படிக்கவே ஒரு மாசமா?" என்றார். பிறகு சரக்கு வாங்க நின்றவரிடம், "கேட்டீரா வே!" என்று அதையே முதலில் இருந்து சொல்ல ஆரம்பித்தார். நீ போனபின் அவர் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

ஆபீஸில், பஸ்ஸில் எல்லாம் அந்தப் பாட்டு எனக்குள் ஓடிக்கொண்டிருக்கும். நான் கிட்டார்க்காரன், காலுக்கு வேலையே இல்லை. இருந்தும் அந்த இடம் வரும்போது என் வலது கால் அரைத் தட்டு பிந்தித்தான் விழுகிறது. அவிடெ உன் கால் இருக்குடா. யாரும் தொடவில்லை.