நான் எடுக்காத விரதம்

உறுவையாறு,
4 அக்டோபர், சனிக்கிழமை.

அரிகரன் அவர்களுக்கு,

பெயருக்குப் பின்னால் 'அவர்கள்' போட்டிருப்பது மரியாதைக்காக இல்லை. பத்து வருடக் குடித்தனத்தில் உங்களை நான் இப்படிக் கூப்பிட்டதே கிடையாது. இன்றைக்கு வேறு எப்படி ஆரம்பித்தாலும் முதல் வரியே வசவாகிவிடும் என்பதால் போட்டேன். நலமா என்றும் கேட்கப்போவதில்லை. நீங்கள் நலமாக இருப்பதை ஊரே போனில் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மகா என்னோடு சரியாகப் பேசிப் பத்து நாள் ஆகிறது. நாம் பெற்ற எட்டு வயதுப் பிள்ளை. அவளை என்னோடு பேச விடுங்கள், அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனிலேயே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டேன். என் குரல் கொஞ்சம் ஏறியதுமே, "தர்ஷினி, மூச்ச இழுத்து வுடு, மனசு அடங்குனதும் பேசலாம்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். என் மூச்சுக்கு ஒரு குறையும் இல்லை.

கடிதம் எழுதச் சொன்னதும் நீங்கள்தான். பழுப்புத் தாளும் மைப்பேனாவும் வாங்கி வைத்து, தங்கும் வீட்டின் விலாசத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். வடநாட்டு மலையில் உட்கார்ந்து நீங்களும் மகாவும் பிரித்துப் படிப்பது போல வீடியோ எடுக்க வேண்டுமாம். தாராளமாக எடுங்கள். தைரியம் இருந்தால் உரக்கப் படியுங்கள். அந்தப் பேனா மை கக்குகிறது. மகாவின் பால்பாயின்ட் பேனாவில்தான் எழுதுகிறேன்.

முதலில் வயல் விஷயம். நடவு முடிந்துவிட்டது. வியாழக்கிழமை ஒன்றேகால் காணியும் நட்டாயிற்று. பதினான்காம் தேதி நீங்கள் வந்த பிறகுதான் நடவு, அதைப் படம் எடுக்காவிட்டால் இந்த வருடம் உங்கள் யூடியூப் சேனலில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினீர்கள். அன்றைக்கே சொன்னேன், விதை விட்டது ஆகஸ்ட் இருபத்தெட்டு, முப்பது நாளில் நாற்றைப் பிடுங்கியாக வேண்டும், முற்றினால் தூர் கட்டாது என்று. நீங்கள் சிரித்துக்கொண்டே, எதற்கும் அவசரப்படக் கூடாது, அதுதானே நாம் தேர்ந்தெடுத்த வாழ்க்கை என்றீர்கள். கிச்சிலிச் சம்பா உங்கள் சேனலைப் பார்ப்பதில்லையே, அதற்கு எப்படித் தெரியும்? ஐப்பசி மழைக்கு முன்னால் வேர் பிடிக்காவிட்டால் நம் பள்ளக் கொல்லையில் தண்ணீர் நின்று பயிர் அழுகிப்போகும். போன வருடம் பக்கத்து வயலில் அழுகியதையும் நீங்கள்தான் படம் எடுத்தீர்கள்.

அதனால் உங்களைக் கேட்காமலேயே முடிவு செய்தேன். சேறடிக்க டிராக்டர்காரர் சுப்பராயலுவிடம் சொல்லி, போன ஞாயிற்றுக்கிழமை காலை வருவதாகப் பேச்சு. அம்சவள்ளி அக்காவின் நடவு ஆட்களுக்கும் சொல்லியாயிற்று. நானே மண்வெட்டி எடுத்து இரண்டு நாள் வரப்பு கழித்தேன். கையில் கொப்புளம். அதைப் படம் எடுக்க ஆள் இல்லாமல் போனது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு வயலில் போய் நிற்கிறேன். ஆறரை, ஏழு, எட்டு. டிராக்டர் வரவில்லை. சுப்பராயலு போனை எடுக்கவில்லை. அம்சவள்ளி அக்கா வீட்டுக்குப் போனால் பூட்டிக் கிடக்கிறது. திரும்பும் வழியில் பால் சொசைட்டி அரங்கநாதன் எதிரே வந்தார். வாயே திறக்காமல் கையைக் கூப்பிக் கும்பிட்டுவிட்டு, சைகையிலேயே சாப்பிட்டாயா என்று கேட்டார். இவருக்கு என்ன ஆயிற்று என்று எனக்குப் புரியவில்லை. பால்கார மனிதர் எதற்கு என்னிடம் ஊமை பாஷை பேச வேண்டும்? என்னண்ணே என்று நான் கேட்டதும் பதறிப்போய், "ஐயையோ, பேசாதம்மா, வெரதம் கெட்டுடப் போவுது" என்றார். அப்புறம்தான் தன் போனில் அந்த வீடியோவைக் காட்டினார்.

உங்கள் வீடியோக்களை நான் பார்ப்பதில்லை. நான் பாத்திரம் தேய்க்கும் சத்தத்தை வெட்டிவிட்டுக் குயில் சத்தம் சேர்த்ததை எத்தனை தடவை பார்ப்பது? ஆனால் இதை நடுரோட்டில் நின்று முழுதாகப் பார்த்தேன். ஆப்பிள் மரத்தடியில் உட்கார்ந்து சொல்கிறீர்கள்: "என் மனைவி இந்தப் பயணத்துக்கு வரல. அவ மௌனத்தத் தேர்ந்தெடுத்திருக்கா. நாங்க திரும்பி வர்ற வரைக்கும் யாரோடயும் பேசப்போறதில்ல. நடவ அவளோட மௌனத்துலயே வரவேற்கப் போறோம்." கீழே கமென்டில் ஆயிரம் பேர் கைகூப்பி இருக்கிறார்கள். எப்பேர்ப்பட்ட பெண்மணி என்று ஒருத்தர். இந்த மாதிரி மனைவி அமைய வேண்டும் என்று ஒருத்தர்.

நான் எப்போது மௌன விரதம் எடுத்தேன்? நான் வராததற்குக் காரணம் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆள் இல்லை, நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்ட ஆள் இல்லை. அதைச் சொன்னால் உங்கள் படம் கெட்டுப்போகும். அதனால் எனக்கு ஒரு விரதத்தை மாட்டிவிட்டீர்கள். சுப்பராயலு வீட்டில் எல்லாருமே உங்கள் சேனலைப் பார்க்கிறவர்கள். தங்கச்சி விரதத்தில் இருக்கிறது, அப்படியானால் நடவு தள்ளிப்போய்விட்டது என்று அவராகவே முடிவு செய்து, டிராக்டரை ஏம்பலத்துக்கு ஓட்டிப் போய்விட்டார். நான் அடித்த போனை எடுக்காததும் அதனால்தான். விரதத்தில் இருக்கிறவள் போன் பண்ண மாட்டாள், கை பட்டுப் போயிருக்கும் என்று நினைத்தாராம். நடவு ஆட்களும் அவர் சொல்லைக் கேட்டு அவர் பின்னாலேயே போய்விட்டார்கள்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஏம்பலம் போனேன். பத்து மணி வெயில். வரப்பில் நின்று என்ன கத்தினேன் என்று இங்கே எழுதினால் இந்தத் தாள் தாங்காது. வயலே திரும்பிப் பார்த்தது. சுப்பராயலு டிராக்டரை நிறுத்திவிட்டு, "தங்கச்சி பேசிட்டியே, எல்லாம் போச்சே" என்று தலையில் கை வைத்தார். நான் விரதமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, நாற்று முப்பத்தோரு நாளாகிறது என்று சொன்னேன். அம்சவள்ளி அக்கா சேற்றில் நின்றபடியே, "அதான பார்த்தேன். இவளாவது பேசாம இருக்கறதாவது" என்று சொல்லிவிட்டாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

அந்த வேலை முடிந்து அவர்கள் வர வியாழக்கிழமை ஆகிவிட்டது. உங்கள் ஒரு நிமிட வீடியோவுக்கு என் பயிர் கொடுத்தது நான்கு நாள். நாற்றைப் பிடுங்கும்போதே அடியில் மஞ்சள் தட்டியிருந்தது. வயலின் சனி மூலையில் கற்பூரம் காட்டி முதல் நாற்று முடியை நான் நட்டேன். ஆம்பளை இல்லாமல் முதல் முடியா என்று ஒருத்தி இழுத்தாள். அந்த ஆம்பளை ஆப்பிள் தோட்டத்தில் இருக்கிறான், போய்க் கூட்டி வா என்றேன்.

போன வருடம் அந்தப் பெண்களைச் சட்டை போடாதீர்கள், கைத்தறிப் புடவையோடு வாருங்கள், போனில் பாட்டு வைக்காதீர்கள், நடவுப் பாட்டு பாடுங்கள் என்று படுத்தினீர்களே. வெயிலுக்கும் கொசுவுக்கும்தான் புடவைக்கு மேல் சட்டை. இந்த வருடம் சட்டை போட்டுக்கொண்டு, போனில் சத்தமாகப் பாட்டு வைத்துக்கொண்டு, மூன்று மணிக்குள் நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவசரமாகத்தான் நட்டார்கள். நன்றாக நட்டார்கள்.

மெதுவான வாழ்க்கை வேண்டாம் என்று நான் சொல்கிறேனா? பெங்களூரை விட்டு வரலாம் என்று உங்களுக்கு முன்னால் சொன்னவள் நான். மகா ஸ்கூல் விட்டு வரும்போது வீட்டில் இருக்க வேண்டும், அவள் சொல்லும் கதையைப் பாதியில் நிறுத்தாமல் கேட்க வேண்டும், அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. நமக்குக் கிடைத்தது வேறு. அம்மியில் அரைப்பதைக் காட்டிவிட்டு மீதியை மிக்ஸியில் அரைக்கிறேன். மகா உங்கள் கேமராவுக்காக ஒரே தோசையை மூன்று தடவை முதல் வாய் சாப்பிடுகிறாள். அதற்கெல்லாம் நானும் தலையாட்டினேன். தப்பு என் பேரிலும் உண்டு.

ஆனால் நேற்று நடந்தது வேறு. அதை எழுதத்தான் இத்தனை வரி சுற்றி வந்தேன்.

நேற்று சாயங்காலம் புது நம்பரிலிருந்து அழைப்பு. நீங்கள் தங்கியிருக்கும் வீட்டம்மாவின் போன். எடுத்தால் மகா. ரகசியமாகப் பேசுகிறாள். "அம்மா, நீ பேசாத. நான் சொல்றத மட்டும் கேளு" என்றாள். தனக்குச் சளி பிடித்து இப்போது சரியாகிவிட்டதாம். ஒரு பல் ஆடுகிறதாம். பனி பார்த்தாளாம், ஆனால் அது அழுக்காக இருந்ததாம். மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். மகா, அம்மாவுக்கு விரதம் எதுவும் இல்லடி, அம்மா பேசுறேன் பாரு என்றேன். அவ்வளவுதான், அழ ஆரம்பித்துவிட்டாள். "பேசாதம்மா, நீ பேசுனா நம்ம பயிரு செத்துடும்னு அப்பா சொன்னாரு. என்னாலதான் பேசிட்ட" என்று தேம்பினாள். நான் சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து போனை வைத்துவிட்டாள். திரும்ப அழைத்தேன். வீட்டம்மா எடுத்து இந்தியில் ஏதோ சொன்னார், பின்னால் பிள்ளை அழும் சத்தம் கேட்டது.

அவள் என்னை அழைக்கக் கூடாது என்பதற்காக அப்படிச் சொல்லியிருக்கிறீர்கள். வீடியோவில் விட்ட பொய் வீட்டுக்குள்ளும் நிற்க வேண்டும் என்பதற்காக எட்டு வயதுப் பிள்ளையிடம், உன் அம்மா வாய் திறந்தால் பயிர் சாகும் என்று சொல்லியிருக்கிறீர்கள். உங்களுக்கு எப்படி மனசு வந்தது? உங்களைத் திட்ட எனக்கு வார்த்தை இருக்கிறது. அவளைத் தேற்றத்தான் இல்லை. நான் எதைச் சொன்னாலும் அது பேச்சு, பேசினால் அவள் பயப்படுகிறாள்.

பயிர் இப்போது கொஞ்சம் வாடி நிற்கிறது. நட்ட மூன்றாம் நாள் எந்தப் பயிரும் அப்படித்தான் நிற்கும். ஒரு வாரத்தில் பச்சை பிடிக்கும். பிடிக்காமல் போனால், அதை அவள் தன் தலையில் போட்டுக்கொள்வாள். என்னைவிட உங்களுக்கு அவளைத் தெரியும், இராத்திரியும் பகலும் அவள் முகத்தைத்தானே படம் எடுக்கிறீர்கள்.

நீங்கள் பதினான்காம் தேதி வாருங்கள், தீபாவளிக்கு வாருங்கள், அடுத்த மலைக்குப் போங்கள், இப்போது நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாம் இரண்டு பேரும் பேச வேண்டியது நிறைய இருக்கிறது, அதற்குப் பொறுமையாக ஒரு நாள் வரட்டும். இந்தத் தாளை மடித்து வைத்த அடுத்த நிமிடம் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். மகாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, அப்பா பொய் சொன்னேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள். உங்களைத்தான் நம்புகிறாள்.

சொல்லிவிட்டுப் போனை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுங்கள். என் பிள்ளை நன்றாக இருக்கட்டும். நீங்களும் நன்றாக இருங்கள்.

போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்,
பிரியதர்ஷினி.