பச்சை நூல்

ஜூன் 9

ஆர்கிடெக்சர் காலேஜ் ஸ்டூடியோவில் புதுப் பயிற்சி. அவரவர் வீட்டை அளந்து, ப்ளான் வரைந்து, கூரை இல்லாத மாடல் செய்ய வேண்டும். பிறகு வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நிற நூல். ஒரு நாளில் அவர் எங்கெங்கே நிற்கிறார், உட்காருகிறார் என்று பார்த்து, அங்கெல்லாம் குண்டூசி குத்தி, ஊசிக்கு ஊசி நூலைக் கட்ட வேண்டும்.

“வீடு எப்படி இருக்கணும்னு ஆசைப்படுறீங்களோ அது வேணாம். எப்படி இருக்கோ அதைக் கொண்டு வாங்க” என்றார் மேடம்.

வகுப்பே குஷியாகிவிட்டது. நான் மட்டும் நோட்டை மூடிவிட்டேன்.

ஜூன் 11

டேப்பை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க அளந்தேன். அப்பா முன்னறையில் யாரோ ரிப்பேருக்குக் கொடுத்த டிவியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, “உங்கம்மாகிட்ட கேளு, என் வெள்ளைச் சட்டையைத் துவைச்சாச்சான்னு” என்றார்.

அம்மா சமையலறையில்தான் இருந்தாள். அவளுக்கும் நன்றாகவே கேட்டிருக்கும். நான் போய் நின்றதும், “கொடியில காயுதுன்னு சொல்லு” என்றாள். போய்ச் சொன்னேன்.

நான் பத்தாவது படிக்கும்போது ஆரம்பித்த மௌனம் இது. எதற்காக என்று இப்போது அவர்களுக்கே நினைவிருக்குமா? அன்றிலிருந்து வீட்டுக்குள்ளேயே தபால்காரி நான். லீவும் கிடையாது, சைக்கிளும் கிடையாது.

இருந்தாலும் ஒரே கூரைக்குள் இருக்கிறார்கள். அது போதும் எனக்கு. நான் சொல்வதை நிறுத்தினால் அன்றே இந்த வீடு உடைந்துவிடும்.

ஜூன் 16

மாடல் அட்டையின் கனத்தை நீளத்தில் கழிக்காமல் எல்லாச் சுவரையும் வெட்டித் தொலைத்தேன். மூலைகள் சேரவில்லை. ஒரு சுவரை உள்ளே தள்ளினால் அடுத்தது வெளியே பிதுங்குகிறது. முதல் வருஷப் பிள்ளைகள் செய்கிற தப்பு. பக்கத்து மேசைக்காரி — எந்நேரமும் விரலெல்லாம் கோந்து, அதனால் அவள் பெயர் பசை — எட்டிப் பார்த்துவிட்டு, “உங்க வீட்ல யாரும் ஒட்ட மாட்டாங்க போலிருக்கே” என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் எரிந்து விழுந்தேன். பாவம், அவளுக்கு ஒன்றுமே தெரியாது.

ஜூன் 20

ஞாயிறு. நாள் முழுக்க அவர்களைக் கவனித்தேன். திருட்டுத்தனம் செய்வது போல இருந்தது.

அப்பாவுக்கு நீலம். முன்னறை, வாசல், மறுபடி முன்னறை. அம்மாவுக்குச் சிவப்பு. வாரநாள் என்றால் லேபில் ரத்தம் எடுக்கும் வேலைக்குப் போய்விடுவாள்; இன்று சமையலறை, பின்னறை, கொடி. குளியலறை நடையில் மட்டும் இரண்டு நூலும் ஒரே தடத்தில் போகின்றன. அங்கேயும் ஒருவர் வெளியே வரும் சத்தம் கேட்டால் மற்றவர் கதவுக்குப் பின்னால் நின்றுவிடுகிறார். இத்தனை நாள் இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், கவனித்ததில்லை.

சாப்பாட்டு மேசையில் ஒரு ஊசி குத்தி இரண்டையும் அங்கே சேர்த்துவிட்டால் என்ன? யாருக்குத் தெரியப்போகிறது?

ஜூன் 21

சேர்த்துவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

ஜூன் 24

மேடம் மாடலைச் சுற்றிச் சுற்றி வந்தார். மேசையைக் கண்டுபிடித்துவிடுவார் என்றே நினைத்தேன். ஆனால் அவர் கேட்டது வேறு.

“உன் நூல் எங்கம்மா?”

நான் நீலத்தையும் சிவப்பையும் காட்டினேன்.

“நீ இந்த வீட்ல இல்லையா?”

என் வீட்டில் என்னையே விட்டுவிட்டேன்! பசை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும்.

ஜூன் 26

பச்சை நூலை எடுத்துக் கட்ட உட்கார்ந்தேன். முன்னறையிலிருந்து சமையலறை. சமையலறையிலிருந்து முன்னறை. மறுபடி சமையலறை. சட்டைக்கு ஒரு தடவை, சாப்பாட்டுக்கு ஒரு தடவை, கரண்ட் பில்லுக்கு, கதவைச் சாத்தியாச்சா என்று கேட்க... கட்டக் கட்டத் தீரவில்லை. நூல் சுற்றிச் சுற்றி அந்த இரண்டு இடத்து ஊசிகளும் கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டன. என் படிப்பு மேசைக்கு ஒரே ஒரு இழைதான் போனது.

இதைக் கட்டிய பிறகு அந்தச் சாப்பாட்டு மேசைப் பொய்யைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஊசியைப் பிடுங்கிவிட்டேன்.

ஜூலை 3

கண்காட்சி. வீட்டில் நான் மூச்சு விடவில்லை. பசைதான் அம்மாவிடம் ஃபோனில் உளறியிருக்கிறாள். அம்மா லேபிலிருந்து நேராக வந்துவிட்டாள்.

மாடல் முன்னால் குனிந்து ரொம்ப நேரம் நின்றாள். “நீலம் அவரு. சிவப்பு நானா?”

“ம்.”

“இந்தப் பச்சை?”

அவள் விரலை நூலுக்குச் சற்று மேலே பிடித்து, தொடாமல், முன்னறைக்கும் சமையலறைக்குமாகக் கொண்டுபோனாள், கொண்டுவந்தாள். பிறகு நிறுத்திக்கொண்டாள்.

“உனக்குக் கால் வலிக்கலையாடி?”

ஜூலை 4

அம்மா இன்று என்னிடம் எதையும் சொல்லி அனுப்பவில்லை. பயமாக இருக்கிறது.

ஜூலை 12

அம்மா லேபுக்குப் பக்கத்தில் தனியாக அறை பார்த்துவிட்டாளாம்.

“எப்பவோ போயிருப்பேன். உனக்காகத்தான் இருந்தேன்” என்றாள்.

அட கடவுளே! நான் அவர்களுக்காக ஓடினேன், அவள் எனக்காக இருந்தாள். யாருக்காகத்தான் நடந்தது இந்தக் கூத்தெல்லாம்? நானே என் கையால் கட்டிக் காட்டி, வீட்டை உடைத்துவிட்டேனே. மார்க் வேறு நல்ல மார்க்காம். யாருக்கு வேணும்.

நான் போய்ச் சொன்னபோது அப்பா ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்கவே இல்லை. “சரின்னு சொல்லு” என்றார்.

“நீங்களே போய்ச் சொல்லுங்கப்பா” என்றேன். வாழ்க்கையில் முதல்முறை. அவர் போகவில்லை. நானும் போகவில்லை.

ஜூலை 20

அம்மா போய்விட்டாள். நீ எங்கே இருக்கப்போகிறாய் என்று இருவருமே கேட்டார்கள். தெரியாது என்றேன். இப்போதைக்கு இங்கே.

ஜூலை 27

கடைச் சாப்பாடு. அப்பாவும் நானும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. என்னிடம் பேச அவருக்கு என்ன இருக்கிறது? இத்தனை வருஷம் அவர் பேசியதெல்லாம் அம்மாவுக்கான பேச்சு.

ஆகஸ்ட் 9

ஸ்டூடியோ சீக்கிரம் முடிந்தது. கதவைத் திறக்கும்போதே சமையலறையில் குக்கர் சத்தம். அப்பா அடுப்படியில் நிற்கிறார். ஃபோன் ஸ்பீக்கரில்.

“அடுப்பை அணைச்சிட்டேன். மூடி திறக்க மாட்டேங்குது.” அப்பா.

“ஆவி அடங்கட்டும். அதுக்குள்ள என்ன அவசரம்?” அம்மாவின் குரல்.

அப்பா மூடியை விட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு அப்பா, “நீ சாப்பிட்டியா?” என்றார்.

“இனிமேதான்.”

இந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் பத்தாவதிலிருந்து ஓடினேன். எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். தோளில் பையோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல், நடையிலேயே நின்றேன். அவர்கள் உப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை.