முனிக்கு நேர்ந்த சேவல்

என் முனியப்பா,

இப்படி உன்னைக் கூப்பிடலாமா என்றே இப்போது குழப்பமாக இருக்கிறது. எண்ணூரில், பவர் ஹவுஸ் கட்டுகிற லாரிகள் புழுதி வாரி இறைக்கும் எங்கள் குப்பத்தில், பனைமரத்தடியில் கல்லாக உட்கார்ந்திருக்கிறாய். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உன்னிடம் நீ, வா, போ என்றுதான் பேசியிருக்கிறேன். நீயோ பெரிய படிப்பாளியாமே! எந்தக் காலத்திலோ செத்துப்போன மனுஷனுக்குக் கடிதம் எழுதுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

போன வாரம் பெரம்பூர் ரயில்வேயில் வேலை பார்க்கும் நயினார் ஒருவர் தன் சம்சாரத்தோடு வந்தார். சமணர்கள். உன்மேல் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்ததும் அந்தம்மா அழுதேவிட்டாள். அவர் உன் பீடத்து எழுத்தைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துத் தேய்த்துப் படித்தார். "இவர் நீங்க நினைக்கிற முனி இல்லைம்மா. சமண முனிவர். சொற்களுக்குப் பொருள் சொல்லி நூல் செய்த ஆசிரியர். பேர்தான் தேய்ஞ்சுபோச்சு" என்றார். இங்கே பள்ளி வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாயாம். எங்கள் பசங்க போகிற பள்ளிக்கூடத்துக்குப் 'பள்ளி' என்று பேர் வந்ததே உன்னைப் போன்றவர்களால்தானாம். கடைசியில் உண்ணாமல் இருந்து உயிரை விட்டாயாம்.

எறும்பு நசுங்கக்கூடாதென்று மயிற்பீலியால் தரையைக் கூட்டி நடந்தவனுக்கா நாங்கள் இத்தனை காலம் கோழி அறுத்தோம்? பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டாயாம். நாங்களோ விளக்கு வைத்த பிறகுதான் கருவாட்டுக் குழம்பும் சுருட்டும் படைத்தோம். உனக்கு முறுக்கு மீசை வரைந்ததே என் மாமனார்தான். ஐயோ, அந்த மீசையை எப்படித்தான் பொறுத்துக்கொண்டாய்?

சரி, என் பேஜாருக்கு வருகிறேன். புயலில் என் வீட்டுக்காரரின் கட்டுமரம் திரும்பாதபோது உன் காலடியில் விழுந்து என் சேவலை நேர்ந்துகொண்டேன். மறுநாள் வந்துவிட்டார், உதடெல்லாம் உப்புப் பூத்து. கொண்டுவந்து சேர்த்தது நீயா, வேறு யாராவதா? யாரிடம் கேட்பேன்? வரும் ஞாயிற்றுக்கிழமை சேவலை அறுக்க வேண்டும்.

நயினார் சொன்னதை வீட்டில் சொன்னேன். மாமியார் ஆடித் தீர்த்துவிட்டாள்.

"இன்னாடி, புச்சா கதை வுட்டுகினு கீற? முனிக்கு நேந்துகினத குடுக்காங்காட்டி சும்மா வுடுவாரா? எம்புள்ள மறுக்கா கடலுக்குப் போவ வேணாமா?"

அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் என்னால் தள்ள முடியவில்லை. வீட்டுக்காரரைக் கேட்டால், "அவரு யாரா இருந்தா இன்னாம்மே, நான் உசுரோட கீறேன்ல? ஆள வுடு" என்று வலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கொல்லாதே என்றாயாம். பொய் சொல்லாதே என்றும் நீதான் சொன்னாயாம். சேவலை அறுத்தால் முதலாவது போச்சு, அறுக்காவிட்டால் இரண்டாவது போச்சு. மீனைக் கொன்று சோறு தின்கிறவள் கோழிக்கு அழுகிறாளே என்று சிரிக்கிறாயா? சிரி. எனக்கே என்னைப் புரியவில்லை.

ஒன்று கேட்கிறேன். நீ சொல்லுக்குப் பொருள் எழுதினவன். அன்றைக்கு நான் 'தரேன்' என்றேனா, 'அறுத்துத் தரேன்' என்றேனா? காற்று இரைச்சலில் என் வாய் சொன்னது என் காதுக்கே விழவில்லை. உனக்காவது விழுந்ததா?

ஞாயிற்றுக்கிழமை பொழுது இருக்கும்போதே வருவேன். மாமியாரும் கத்தியோடு வருவாள், வரட்டும். சேவலின் கால்கட்டை அவிழ்த்து உன் மடியில் விடுவேன். கொடுத்தாயிற்று, இனி அது உன்னுடையது. உன் சேவல்மேல் கை வைக்க அவளுக்கே பயமாக இருக்கும். நான் பாட்டுக்கு வீட்டுக்கு நடப்பேன். அது வீடு தெரிந்த சேவல். என் பின்னாலேயே வந்து நின்றால், முனியே திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று சொல்வேன். அது பொய்யாகாதே?

என் கையால் இனி உன்மேல் ரத்தம் படாது. இது சத்தியம். இதில் உனக்குக் கோபம் இருந்தால் என்மேல் காட்டு, அப்பா. அவர் கடலில் இருக்கும்போது மட்டும் வேண்டாம்.

முனி என்றாலும் முனிவர் என்றாலும்
உன் மகள்,
காசியம்மா