முதல் மாடியில் ஒரு சம்ப்

அண்ணா,

விரல் நுனியில் சிலிக்கான் பசையின் புளித்த வாடை. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. இந்த வாடை உங்கள் வீட்டு அடுப்படிவரை இறங்கிவிடும். உடனே மாடிப்படிக்கு அடியில் வந்து நின்று, "இன்னாம்மா, மேல ஊறுகா போடறியா?" என்று கத்துவீர்கள். இன்று காலையிலிருந்து கண்ணாடி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். கீழேயிருந்து சத்தமே இல்லை. நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது.

புதுச் சம்ப் கட்டுகிறேன். பழையதைவிடப் பெரியது. ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போகும் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், என் மீன்தொட்டியை எடுக்கச் சொல்லித் தீர்மானம் போடப்போகிறார்கள். அது தெரிந்துதான் கட்டுகிறேன். அந்தத் தீர்மானமும் யார் பெயரைச் சொல்லி? உங்கள் பெயரைச் சொல்லி. அதனால்தான் இதை உங்களுக்கே எழுதவேண்டியிருக்கிறது.

நமக்குள் சண்டை தொடங்கியது அந்தச் சம்ப் என்ற சொல்லால்தான். தாம்பரத்தில் சம்ப் என்றால் லாரித் தண்ணீரை வாங்கிக் கொட்டிவைக்கும் தரையடித் தொட்டி. என்னைப்போல வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் கடல்பவளம் வளர்க்கிறவர்களுக்கு அது வேறு. மேலே மீனும் பவளமும் இருக்கிற தொட்டியிலிருந்து வழியும் உப்புநீர், அடியில் அலமாரிக்குள் இருக்கும் இன்னொரு கண்ணாடித் தொட்டிக்கு இறங்கும். அங்கே அழுக்கை விட்டுவிட்டு மோட்டார் வழியாக மறுபடி மேலே ஏறும். அந்த அடித்தொட்டிதான் சம்ப். எனக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏற்றுமதிக் கம்பெனியில் காலம் முழுக்கச் சட்டைக் காலர் தைத்தவள் நான். பாதி புரியாத இங்கிலீஷ் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கண்ணாடி வாங்கப் போன கடையில் அளவு சொன்னால், "வீட்ல சார் வரலீங்களா?" என்றார்கள். சார் செத்து எத்தனையோ காலம் ஆகிறது, அளவை எழுதிக்கொள் என்றேன்.

கேட்டருகே உங்களைப் பார்த்து மரியாதைக்குச் சொன்னேன். "அண்ணா, வீட்ல சம்ப் கட்டறேன். கொஞ்சம் சத்தம் கேக்கும்."

"இன்னாது? ஃபஸ்ட் ஃப்ளோர்ல சம்ப்பா? மேல நீ சம்ப் கட்டுனா கீழ நான் இன்னா மீனா?"

நான் விளக்குவதற்குள் படியேறிவிட்டீர்கள். அலமாரியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஏமாந்தவர்போல நின்றீர்கள். "இதுக்குப் பேரு சம்ப்பா? இதுல ஒரு ஆட்டுக்குட்டிகூட குளிக்காது." சமாதானமாகிவிட்டீர்கள் என்று நினைத்தேன்.

அந்த வாரமே கரண்ட் போனது. மோட்டார் நின்றதும், நீரை மேலே ஏற்றிய அதே குழாய் அதைத் திருப்பி உறிஞ்சிக் கீழே தள்ள ஆரம்பித்தது. சம்ப்பில் அவ்வளவுக்கு இடம் இல்லை. வழிந்து, உங்கள் அடுப்படிச் சுவரில் கோடுகோடாக இறங்கியது. கையில் கரண்டியோடு வந்தீர்கள்.

"ஏம்மா, கொழம்புக்கு உப்பு நாங்களே போட்டுக்கறோம். நீ மேலருந்து போடாத."

"தொடைச்சுக் கொடுத்துடறேண்ணா."

"தொடைக்கறது கெடக்கட்டும். கரண்ட் போனா இன்னா ஆவும்னு ரோசன பண்ணியா? நம்ம ஊர்ல போவாத கரண்ட்டா? ஒழுங்கா கட்டு."

கட்டினேன். மேலேறும் குழாயில், மேல்தொட்டியின் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை போட்டேன். மோட்டார் நின்று மட்டம் கொஞ்சம் இறங்கியதும் துளை வழியாகக் காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும். சம்ப்பிலும் மேல்பாதியைக் காலியாக விட்டேன். சொன்னால் நம்புகிற ஆளா நீங்கள்? பரீட்சை வைத்தீர்கள். நான் மேலே மெயின் சுவிட்சை அணைக்கவேண்டும். நீங்கள் கீழே அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போனில் சொல்லவேண்டும்.

"வுழல... இன்னும் வுழல... இரும்மா, அவசரப்படாத... வுழல."

"போதுமாண்ணா?"

"போதும்னு நெனைக்கிறேன். கொடைய மடக்கவா?"

வீட்டுக்குள் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. சிரித்தேன். சிரித்ததற்கும் ஒரு சண்டை போட்டீர்கள்.

பிறகு சம்ப்பின் நடு அறையைப் பாசிக்கென்று ஒதுக்கினேன். ரெஃப்யூஜியம் என்று பெயர், அடைக்கலம் என்று அர்த்தம். அதற்கு மட்டும் தனியாக விளக்குப் போட்டேன். அதையும் பார்க்க வந்தீர்கள். பச்சைத் தேங்காய்நார்போல உருண்டு மிதந்த பாசியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டீர்கள்.

"பாசிய சொரண்டிப் போடறவங்கள பாத்துகீறேன். லைட்டு போட்டு வளக்கறவள இப்பதாம்மா பாக்கறேன். யாருக்கு அடைக்கலம்?"

"பொடிப்பொடியா பூச்சிங்க இருக்குண்ணா. மேல இருந்தா மீன் தின்னுடும். இங்க பெருகும். பாசி தண்ணியில இருக்கற அழுக்கத் தின்னுக்கும். மேல தொட்டி சுத்தமா இருக்கும்."

மேல்தொட்டியையும் சம்ப்பையும் மாறிமாறிப் பார்த்தீர்கள். "அப்ப மேல்வூடு பளபளன்னு இருக்கும், அழுக்கெல்லாம் கீழ்வூட்டுக்கு. இத எனக்கு நீ வெளக்கணுமா?"

அதில் சிரிப்பு மட்டும் இல்லை. இந்தக் கட்டடம் நிற்பதே உங்கள் அப்பாவின் கத்தரித் தோட்டத்தில். நிலத்தைப் பில்டருக்குக் கொடுத்துவிட்டுத் தரைத்தளத்தில் ஒரு வீட்டை வைத்துக்கொண்டீர்கள். மூன்று மாடிச் சாக்கடையும் அடைத்துக்கொண்டால் உங்கள் வாசலில்தான் பொங்கும். சங்கத்தில் எத்தனை முறை சொன்னீர்கள்? அப்போதெல்லாம் செக்ரட்டரிக்குக் காது கேட்கவில்லை. இன்று நீங்கள் இல்லாதபோது உங்கள் கஷ்டம் அவருக்குத் திடீரென்று ஞாபகம் வந்திருக்கிறது.

போன வாரம் அவரும், கோவிலம்பாக்கத்திலிருந்து உங்கள் மகனும் ஒன்றாக மேலே வந்தார்கள். உங்கள் வீட்டை விற்கப்போகிறார்களாம். பார்க்க வருகிறவர்களிடம் மேலே சம்ப் இருக்கிறது என்று யாரோ சொல்லி, ஆட்கள் பயந்து ஓடுகிறார்களாம். அலமாரியைத் திறந்து காட்டினேன். செக்ரட்டரி குனியக்கூட இல்லை.

"மேடம், இந்த வயசுல தனியா இருந்துட்டு உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்? ரெண்டு கோல்டு ஃபிஷ் வச்சுக்குங்க."

"உங்க வயசுல உங்களுக்கு எதுக்கு செக்ரட்டரி வேல?"

உங்கள் மகன் குறுக்கே வந்தான். "ஆன்ட்டி, கோவப்படாதீங்க. அப்பா கடைசி வரைக்கும் இந்தத் தொட்டியப் பத்தியேதான் பேசிட்டு இருந்தாரு."

"என்ன பேசினாரு?"

"தண்ணி எறங்கப் போவுது, எறங்கப் போவுதுன்னு."

"அத என்கிட்டயே சொல்லுவாரு. எடுத்துடணும்னு சொன்னாரா?"

அவன் செக்ரட்டரியைப் பார்த்தான்.

"அவர ஏன்டா பாக்குற? என்னப் பாத்துச் சொல்லு. எடுன்னு ஒரு வாட்டியாவது சொன்னாரா உங்கப்பா?"

நல்ல பிள்ளைதான் அண்ணா. பொய் சொல்ல வரவில்லை. "அப்படிச் சொன்னதில்ல ஆன்ட்டி. ஒழுங்கா கட்டியிருக்காளான்னு போய்ப் பாரு, போய்ப் பாருன்னுதான் சொல்லுவாரு. நான்தான் வரல."

செக்ரட்டரி இருமினார். எப்படியும் பெரும்பான்மை முடிவுதான் என்றார்.

எத்தனை வருடச் சண்டை அண்ணா நம்முடையது! ஊறுகாய், உப்பு, மோட்டார் சத்தம், ஒன்றையும் விட்டதில்லை நீங்கள். ஆனால் எடு என்ற சொல் உங்கள் வாயில் வந்ததே இல்லை. உங்களுக்கு என்னிடம் குறை இருந்தபோது படியேறி என் முகத்துக்கு நேரே சொன்னீர்கள். சங்கத்தில் ஒரு வார்த்தை எனக்கு எதிராகப் பேசியதில்லை. எனக்காகப் பேசியதும் இல்லை, அது வேறு.

பழைய சம்ப்பின் ஒட்டு ஒரு மூலையில் தளர ஆரம்பித்திருக்கிறது. பயந்திருந்தால் அதைச் சாக்காக வைத்துத் தொட்டியையே காலி செய்திருப்பேன். புதியதை ஒட்டுகிறேன். காலி இடம் இன்னும் அதிகம், பாசிக்கும் அறை பெரிது. பசை காய்ந்ததும் நீர் நிரப்புவேன். தீர்மானம் போட்டாலும் நிரப்புவேன்.

உங்கள் மகனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். "வீடு வாங்க வர்றவங்ககிட்ட மறைக்காத. மேல ஒரு கெழவி இருக்கா, கடல் வச்சிருக்கா, வாயாடி, தண்ணி எறங்கினா நேரா மேல போய்ச் சண்டை போடுங்கன்னு சொல்லு. அதுக்குப் பயப்படறவங்களுக்கு அந்த வீடு வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முதல் வரிசையில் உட்காருவேன். உங்கள் பெயரை எடுத்தார்களானால் எழுந்து நிற்பேன். நம் சண்டை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது அண்ணா. அதைத் தீர்த்துவைக்கச் சங்கம் யார்?