பாறை மேல் ஒரு நேர்காணல்

ஐப்பசி 9, திங்கள்

கள்ளக்குறிச்சி. காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. சென்னைப் பேராசிரியர் பா. போன். புதன்கிழமை கல்வராயன் மலைக்கு வருகிறாராம். ஏதோ பெரிய ஆய்வு மையத்தில் இயக்குநர் பதவி, ஆன்லைன் நேர்காணல். அதை என் பாறையில் நின்று கொடுப்பாராம். பின்னால் மலை, பக்கத்தில் ஏழை சனம். படம் நன்றாக விழும்.

என் பாறை: கரியாலூருக்கு மேலே ஒரு ஊரில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம். அதுவும் நுனியில் மட்டும், ஒவ்வொருவராக. ரேஷன் கைரேகை மெஷினையும் அங்கேதான் தூக்கி வருவார்கள். இணையம் யாருக்கு எட்டுகிறது, யாருக்கு எட்டவில்லை என்று அங்கே உட்கார்ந்து எழுதியே என் இளமை போயிற்று. இடுப்பு மட்டும் வளர்ந்தது. அந்தக் குறிப்புகளைப் படித்துப் பார்க்கிறேன் என்று வாங்கிப் போன பா. தன் பெயரில் புத்தகமாகப் போட்டுவிட்டார். மலைப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர். நன்றியுரையில் நான் "உள்ளூர் உதவியாளர்".

"தாராளமா வாங்க சார்" என்றேன். வாயில் தேன், வயிற்றில் மிளகாய்.

10, செவ்வாய்

வாங்க வேண்டியவை: தைலம், ரப்பர் செருப்பு, மிக்சர் (எனக்கு மட்டும்). நாளை ரேஷன் நாள். பா.விடம் சொல்லவில்லை. மறதி. வயதாகிறதல்லவா.

வீட்டுக்காரர்: "இன்னா, தனியா சிரிச்சிக்கினு கீற?"

"எந்தப் பொடவை கட்றதுன்னு யோசிக்கறேன்."

11, புதன்

வெயில். பாறையில் ஆட்களுக்குப் பதில் பைகள் வரிசையில். பா.வும் தன் தோல்பையை வைத்துவிட்டுப் படம் எடுக்கப் போனார். முன்னால் பை வைத்தவளிடம் "இது என்னுது" என்று சொல்லிப் போக வேண்டும்; சொல்லாத பை ஓரத்துக்குப் போய்விடும். நான் எழுதாமல் விட்ட விதி. அதனால் அவர் புத்தகத்திலும் இல்லை.

திரும்பினார். பை புதரோரம்.

"யாரும்மா எடுத்தது?"

"சொல்லாத பைக்கு ஏது சார் எடம்?" வரிசை முதலில் நின்ற செல்வி.

பா. என்னைப் பார்த்தார். நான் மேகத்தைப் பார்த்தேன். நான் ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்கள். சொல்லவில்லை. நேரம் நெருங்கியது. சட்டை முழுக்க வியர்வை. ஆகா!

கெடுத்தாள் செல்வி. "அழுதுடுவாரு போல கீது. நீ முன்னாடி போ சார்."

எத்தனை வருடத்துப் பழி! பாவம் பார்த்தே பாழாக்கிவிட்டாள்.

போன் திரையில் தேர்வுக் குழு. பா. கையை விரித்தார்: "இந்த மக்களோட பல வருஷம் வாழ்ந்தவன் நான்."

செல்வி எட்டிப் பார்த்தாள். "யாரு, இவரா? இன்னிக்குத்தான் பாக்கறோம். வருஷா வருஷம் வந்து குந்திக்கினு எழுதறது இந்தம்மாதான்."

குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "போனை அந்தம்மாகிட்ட குடுங்க."

பா. கொடுக்கவில்லை. செல்வி பிடுங்கிக் கொடுத்தாள்.

முதலில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டேன்.