உம் கொட்டிய பிள்ளைக்கு

கேளம்பாக்கம்
4ஆம் தேதி, வியாழன்

அன்புள்ள இனியனுக்கு அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்றுதான் ஆரம்பிக்க நினைத்தேன், அதில் பாதிதான் எழுத வருகிறது. நலமறிய ஆவல். டொரன்டோவில் குளிர் ஏறிவிட்டதாமே, காதை மூடாமல் வெளியே போகாதே. மாடி வீட்டு ஜோதிலட்சுமி மகளுக்குத் திருவிடந்தைப் பெருமாள் கோயிலுக்குப் போய் மாலை சாற்றி வந்த மூன்றாம் மாதமே கல்யாணம் முடிவாகிவிட்டது. உனக்காகவும் போகலாம் என்றிருந்தேன், இப்போது அப்பாவைத் தனியாக விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.

நீ அனுப்பிய இஸ்ரேல் படத்தை ஞாயிற்றுக்கிழமை பார்த்தோம். வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள், அதில் வரும் அம்மா அப்படியே நீதான் என்று எழுதியிருந்தாய். சரிதான். தினமும் மகனுக்குப் போன் போடுகிறாள், சாப்பிட்டாயா என்கிறாள், அக்கம்பக்கத்துக் கதையெல்லாம் சொல்கிறாள். அவன் போனை மேஜையில் வைத்துவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போடுகிறான், நடுநடுவே உம் கொட்டுகிறான். ஒரு நாள் அவள், பக்கத்து வீட்டுக்காரரையே கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறேன் என்கிறாள். அதற்கும் அவன், உம், நல்லதும்மா என்கிறான். கூட உட்கார்ந்து பார்த்த ஜோதிலட்சுமி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சுரீர் என்றது. அப்பா முகத்தைப் பார்த்தேன், அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

நினைவிருக்கிறதா, போன மாதம் இரண்டாம் ஞாயிறு. நான் சொன்னால் அழுதுவிடுவேன் என்று அப்பாவே போனை வாங்கினார். அந்தக் கரகரத்த குரலில், தொண்டையில் இருப்பது புற்றுநோய்தான், குரல்வளையையே எடுக்க வேண்டுமாம் என்று உன்னிடம் சொன்னார். எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த மனிதர். உன் பக்கம் குழாய்த் தண்ணீரும் பாத்திரச் சத்தமும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து நீ, உம், சூப்பர்ப்பா, பார்த்துக்கோங்க என்றாய். அதிர்ச்சியில் பிள்ளைக்கு வாய் குழறிவிட்டது என்று அப்பா என்னைச் சமாதானப்படுத்தினார், நானும் நம்பினேன். அடுத்த வாரம், அப்புறம் என்ன விசேஷம் என்று கேட்டாய். தாங்க முடியாமல்தான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டோம். படம் பார்த்த பிறகுதான் தெரிந்தது, உன் காதில் விழவே இல்லை. எனக்குக் கோபம்தான் இனியா, மறைக்கவில்லை. வாட்ச்மேன் செங்கல்வராயன்கூட தினமும், இன்னாம்மா, தம்பி வந்துகினு கீறாரா என்று கேட்கிறார். லீவு கிடைக்கவில்லை என்று உனக்காக நான் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதனால்தான் போனில் சொல்லாமல் கூரியரில் அனுப்புகிறேன். கடிதத்தை மேஜையில் பேச விட்டுவிட்டுப் பாத்திரம் கழுவ முடியாது. அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன், காட்டிக்கொடுத்துவிடாதே. தீர்க்காயுசாக இரு, வேளாவேளைக்குச் சாப்பிடு. பத்தொன்பதாம் தேதி ஆபரேஷன். அதற்கு முன்னால், குழாயை மூடிவிட்டு, அப்பாவைக் கூப்பிடு. அவரைப் பேச விடு. அதற்குப் பிறகு நீதான் பேச வேண்டும், உம் கொட்டக்கூட அவருக்குக் குரல் இருக்காது.

உன் அம்மா,
வசுமதி