பத்திரிகையில் இல்லாத தெரு

அண்ணாச்சி,

பேத்தியின் கல்யாணப் பத்திரிகை இன்று அச்சாகி வந்தது. கட்டைப் பிரித்ததும் புதுத்தாளும் மையும் மணந்தன. இராஜபாளையத்தில், நம் வாய்க்காங்கரைத் தெருவில் பிறந்து வளர்ந்தவளுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் தாய்மாமன் வீட்டை முகவரியாகப் போட்டிருக்கிறான் என் மகன்.

"ஆட்டோக்காரனே உள்ள வரமாட்டேங்கான். நம்ம தெருப் பேரப் பாத்தா மாப்பிள்ள வீட்டுல என்னப்பா நெனப்பாவ?" என்கிறான்.

நாம் மில் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் திரும்பிய காலத்தில் இதுவும் ஊரில் ஒரு தெருதானே? பேண்டேஜ் துணி வெளுக்கும் பட்டறையின் கழிவுநீரை நம் வாய்க்காலில் திருப்பினார்கள். நாறியதும், நாறுகிற இடம்தானே என்று ஊர்க் குப்பையைக் கொட்டினார்கள். பிறகு டவுன் பஸ் நிற்பதில்லை. வீட்டை வைத்துக் கடன் கேட்டால், தெருப் பேரைப் பார்த்ததுமே மனுவைத் திருப்பிக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு, "அந்தத் தெருக்காரங்களே அப்படித்தான்" என்றார்கள். காறித் துப்பத் தோன்றுகிறது.

வாய்க்காலுக்குச் சம்மதக் கையெழுத்து வாங்க வந்த அன்று, நம் தெருப் பெண்களுக்குப் பட்டறையில் வேலை என்றார்கள். நீங்கள் மட்டும் பேனாவைத் தொடவில்லை.

"ஏலே, வேல குடுக்கவன் எதுக்குலே வாய்க்காலக் கேக்கான்?"

"உங்களுக்குப் பாயாசத்துலயும் முள்ளு இருக்கும் அண்ணாச்சி."

"மோந்து பாத்துட்டாவது குடிலே."

நான் மோந்து பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். வேலை கிடைத்தது இரண்டே பெண்களுக்கு. அதுவும் ஒரு தீபாவளிவரை.

தெருப் பெயர்ப் பலகை துருவேறி விழுந்தது. மாற்ற யாரும் வரவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும், வீட்டுக்கு வெள்ளையடித்த கையோடு மூலைச் சுவரில் நீங்களே நீலத்தில் பேரை எழுதுவீர்கள். "பேர அழிய விட்டா, பொறவு ஆளயும் அழிச்சிருவான்" என்பீர்கள். நீங்கள் போய்ச்சேர்ந்தபின் நான்கு பொங்கல் வந்துவிட்டது. சுவரில் இப்போது பாதி எழுத்துதான்.

பேனாவை எடுத்து, ஒவ்வொரு பத்திரிகையிலும் அச்சடித்த முகவரியை அடித்துவிட்டு நம் தெருவை எழுதிக்கொண்டிருக்கிறேன். மகன் வாசலில் நின்று கத்துகிறான். கல்யாணம் நின்றுவிடுமாம். பேத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தள்ளுங்க தாத்தா, ஒங்க எழுத்து கோணுது. மாப்பிள்ள வீட்டுப் பத்திரிகைய நான் எழுதுதேன்."

அதை நாளை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர்கள் வாசலில் வைத்தே வாசிக்கச் சொல்வேன். அன்று கையெழுத்துப் போட்ட கை இன்னும் கூசுகிறது, அண்ணாச்சி. உங்கள் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டிருக்கிறேன்.